தெருவுக்கு ஒரு முழம் மேலே

எந்த உயரத்தில் தெரு தொடங்குகிறது என்று இதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்காமல் இல்லை. மேனேஜரைக் கேட்டேன், முறைத்தார். போலீஸ்காரரைக் கேட்டேன், கேலி செய்கிறேன் என்று நினைத்தார். நீதிபதியையே கேட்டேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இந்தக் கேள்வியை நான் கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டும்.

உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் துடைப்பது என் வேலை. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பிலும் தொடையிலும் நெஞ்சிலும் வாரைப் பூட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக மாடி மாடியாக இறங்கி வருவோம். ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் உட்கார்ந்திருப்போம், மற்றது அது அறுந்தால் எங்களைப் பிடித்துக்கொள்ள. உட்கார்ந்திருக்கும் கயிறு ஓர் இரும்புக் கருவிக்குள் வளைந்து போகும். பிடியை அழுத்தினால் இறக்கிவிடும், விட்டால் கயிற்றைக் கடித்துக்கொண்டு நிற்கும். நாங்கள் அதை முதலை என்போம். முதலைக்குக் கயிறு எது, துணி எது என்றெல்லாம் தெரியாது. சட்டை நுனி பக்கத்தில் போனால் அதையும் சேர்த்து விழுங்கும். விழுங்கிவிட்டால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வாரில் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் கால் மரத்து, தலை சுற்றி, ஆள் மயங்கிவிடும். மயங்கிய பிறகும் தொங்கினால் பிழைப்பது கஷ்டம்.

அதற்குத்தான் கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்குக் கத்தி. நுனி மழுங்கல், ஓரம் மட்டும் கூர். நெஞ்சு வாரோடு ஒரு சின்னக் கயிற்றால் கட்டியிருக்கும். ஒற்றைக் கையால் திறக்கலாம். திறந்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், தானாக மடங்காது. மடங்கினால் போவது என் விரல். நாங்கள் ஜோடி ஜோடியாக இறங்குவோம். ஜோடியின் கால் தரையில் படும்வரை கத்தியை அவிழ்ப்பதில்லை. யாரும் எங்களுக்கு இதை உத்தரவாகப் போடவில்லை, பழக்கம் அப்படி.

போன வருடம் பேருந்து நிலையத்தில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டு, ஒருவன் இன்னொருவனைக் குத்திவிட்டான். ஊரே கொதித்தது. நியாயம்தான். திறந்தால் பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தெருவில், பொது இடத்தில் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று நகரசபை சட்டம் போட்டது. பணியிடத்தில் வைத்திருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அந்த வரியை நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எங்கள் கயிற்றின் நுனி நடைபாதையில் போய்க் கிடக்கிறது, நடைபாதை என்றால் தெரு, இது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. சட்டம் போட்டவர்கள் மண்டைக்கும் எட்டவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாசல் வழியாக உள்ளே போய் வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் மாட்டியது ஒட்டகம். கழுத்து நீளமாக இருப்பதால் அந்தப் பெயர். கயிற்றிலிருந்து இறங்கி, எதிர்ச்சாரியில் நின்ற எங்கள் வேனுக்கு நடந்து போனான். நடுவழியில் போலீஸ் பிடித்துக் கத்தியைப் பறித்துக்கொண்டது. கூடவே உயரத்தில் வேலை செய்வதற்கான கார்டும் பறிபோனது. கார்டு இல்லாதவனை எந்தக் கம்பெனியும் கயிற்றில் ஏற்றாது. மேகத்தோடு பேசிக்கொண்டிருந்த மனுஷன் இன்று ஒரு கடைத்தொகுதிக்கு அடியில், பாதாளத்தில், கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அதைப் பார்த்து எங்கள் மேனேஜர் பயந்துவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலைக்கவசம். அலுவலக நாற்காலியில்கூட அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். மறுநாளே எங்களையெல்லாம் மாடியில் நிற்க வைத்து ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

“இனிமே கத்தியெல்லாம் இதுக்குள்ள. சாவி எங்கிட்ட. நான் மாடியிலயேதான் இருப்பேன். யாருக்காவது வேணும்னா ரேடியோவுல கூப்பிடுங்க.”

“மாட்டிக்கிட்டவ கூப்பிடணும், நீங்க பெட்டியைத் திறக்கணும். அப்புறம்?”

“அப்புறம் பாத்துக்கலாம்.”

“யார் பாத்துக்கறது சார்? தொங்கறவளா, நிக்கறவரா?”

“உனக்கு வாய் மட்டும் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எரிச்சல் அடங்கவில்லை.

முதல் ஆளாகப் போய்ப் பெட்டியில் கத்தியைப் போட்டவள் என் ஜோடி. அவள் என் நாத்தனார், கணவரின் தங்கை. நாத்தனாரோடு ஒரே சமையலறையில் நிற்பதே பெரிய சாகசம், இதில் ஒரே சுவரில் வேறு தொங்குகிறாயா என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. அவளுக்கு விதி என்றால் விதி. ஈ காக்கை இல்லாத சாலையிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பாள். என் கையையும் பிடித்து நிறுத்திவிடுவாள். மாத்திரை அட்டையோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். இப்படி ஒருத்தியோடு வாழ்வது எனக்குப் பெரிய தலைவலி. ஆனால் அவள் கட்டிய முடிச்சில் என் உயிரைத் தொங்கவிட நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் ஒரு பழைய கத்தியைப் பெட்டியில் போட்டேன். என் கத்தியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். மற்றவர்கள் கண்ணில் மண்ணைத் தூவலாம், அவள் கண்ணில் தூவ முடியுமா? உடை மாற்றும் அறையில் பிடித்துவிட்டாள்.

“அண்ணி, சட்டைக்குள்ள என்ன அது கயிறு?”

“உங்கண்ணன் வாங்கித் தராத நகை.”

“விளையாடாதீங்க. கார்டு போயிடும். அண்ணன் கடையை மூடினதுலேர்ந்து நம்ம ரெண்டு பேர் கார்டுலதான் வீடு ஓடுது.”

“நீ மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?”

“நான் எதுக்கு மாட்டிக்கப்போறேன்? நான் ஒழுங்கா வேலை செய்யறவ.”

அப்படியென்றால் நான் ஒழுங்கில்லாதவள். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளும் சளைக்காமல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்தச் சண்டையின் சூடு ஆறுவதற்குள் இது நடந்தது. ஒரு வங்கிக் கட்டடம், பட்டப்பகல். நான் முதலில் இறங்கி வந்துவிட்டேன். அவள் மேலே ஏதோ ஒரு கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கறையை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வராது. கீழே நடைபாதையில் ஒரு போலீஸ்காரர் நின்றார். எங்கள் தலைக்கு அடியில் ஆட்கள் நடக்காமல் ஒதுக்கி விடுவதற்காகவே அனுப்பப்பட்டவர். கயிற்று நுனி யார் காலையும் தட்டிவிடக் கூடாதே என்று சுருட்ட, வாரில் தொங்கியபடியே குனிந்தேன். குனிந்ததும் கத்தி சட்டையிலிருந்து நழுவி அவர் மூக்குக்கு நேராக ஆடியது.

“ஏம்மா, என்ன அது?”

“கத்தி சார். வேலைக் கத்தி.”

“திறந்தா பூட்டிக்குமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் திறந்து பார்த்திருக்கவா போகிறார்? ஆனால் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும் என்று சுள்ளென்று வந்தது.

“நல்லாப் பூட்டிக்கும் சார்.”

“தெருவுல இதை வச்சுக்கக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். நான் தெருவுல இல்லையே.”

அவர் என் காலைப் பார்த்தார். நடைபாதைக்கு ஒரு முழம் மேலே என் பூட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. நான் முதலையை நன்றாகப் பூட்டிக்கொண்டு வாரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“இறங்கித்தானே ஆகணும்?”

“அவசரமில்ல சார்.”

ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. அவர் காது சிவந்துவிட்டது.

“கேலி பண்றியா?”

“சத்தியமா இல்ல. சுவத்துல இருக்கறவரைக்கும் இது என் வேலை செய்யற இடம். கால் கீழ பட்டா குத்தம். நடுவுல எந்த உயரத்துல தெரு ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க, அதுக்கு மேலயே நின்னுக்கறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “கத்தியை அவுத்து எங்கிட்ட குடுத்துடும்மா. எழுத மாட்டேன். நீ பாட்டுக்குப் போயிடு.”

“மேல என் நாத்தனார் தொங்கறா. அவ இறங்கினதும் தர்றேன். இப்ப தர முடியாது.”

“எங்கிட்டயே பேரம் பேசறியா?” என்று சொல்லி, நான் மேலே தப்பித்துப் போய்விடாமலிருக்க என் கயிற்றின் அடி நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் தலைக்கவசம் மூச்சிரைக்க ஓடி வந்தார். மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்திருக்கிறார், லிஃப்டில் ஏறிக் கீழே வந்துவிட்டார். போலீஸ்காரரைக் கும்பிடாத குறை. “புதுசு சார், தெரியாம வச்சிருக்கா” என்றார். பிறகு என்னிடம், “கம்பெனி மானத்தைக் கப்பலேத்தாதே, குடுத்துத் தொலை” என்றார்.

“நான் புதுசும் இல்ல, தெரியாம வைக்கவும் இல்ல” என்றேன்.

அப்போதுதான் மேலிருந்து “அண்ணி!” என்று கேட்டது.

என் நாத்தனார் கத்திக் கூப்பிடும் ரகம் இல்லை. சத்தம் போடுவது மரியாதையில்லை என்று நினைப்பவள். நான் அண்ணாந்து பார்த்தேன். பல மாடிகளுக்கு மேலே அவள் ஒரு பக்கமாக மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போட வேண்டும் என்று கம்பெனி கொடுத்த பளபளக்கும் மேலங்கி, தொளதொளவென்று இருக்கும். நான் அதை இடுப்பில் சுருட்டி முடிந்துகொண்டேன். அவள் சொன்னபடியே கழுத்துவரை மாட்டியிருந்தாள். அதன் ஓரத்தை முதலை விழுங்கிவிட்டது. அவள் எடை இழுக்க இழுக்கத் துணி உள்ளே போய், அவள் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துக் கருவியோடு இறுக்கியிருந்தது. இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்துத் தன்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மேனேஜர் அனிச்சையாகப் பாக்கெட்டைத் தொட்டார். சாவி அங்கே இருந்தது. பெட்டி மொட்டை மாடியில். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். லிஃப்டை நோக்கி ஓடினார்.

நான் காத்திருக்கவில்லை. ஏறுவதற்கான பிடிகளும் கால் வளையமும் இடுப்பிலேயே தொங்கின. மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். “ஏய், எங்க போற? நில்லு!” என்று போலீஸ்காரர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அடியில் ஆள் பிடித்துக்கொண்டால் பிடிகள் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஏறும். அன்று நான் ஏறிய வேகம் அவர் புண்ணியம். பாதியில் அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது போல. நிற்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, “சீக்கிரம் போம்மா, சீக்கிரம்!” என்று கத்தினார். கயிற்றை மட்டும் விடவில்லை.

பக்கத்தில் போனபோது அவள் முகம் கறுத்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இறுகி நிற்கிற கயிற்றைக் கத்தி லேசாகத் தொட்டாலே போதும், அறுந்துவிடும். அவள் கயிறும் துணியும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. என் இடது கை விரல்களைத் துணிக்கும் அவள் கழுத்துக்கும் நடுவே நுழைத்தேன். கத்தியை ஒரு கையால் திறந்தேன். பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் போல் ஆறுதலான சத்தத்தை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. கயிற்றுக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்து அறுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் துணி விட்டது. கடைசி இழை அறுந்ததும் அவள் தலை என் தோளில் வந்து விழுந்தது. மூச்சை இழுத்தாள். இருமினாள். பிறகு குழந்தை மாதிரி அழுதாள்.

“நான் ஒழுங்காத்தான் அண்ணி வேலை செஞ்சேன்” என்றாள்.

“தெரியும்டி.”

கொஞ்ச நேரம் சுவரில் அப்படியே இருந்தோம். அவளை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் காலை உதறிப் பார்த்தாள், உணர்ச்சி வந்துவிட்டது. நான் ஏறும் பிடிகளிலிருந்து இறங்கும் கருவிக்கு மாற வேண்டும், அவளால் உடனே இறங்க முடியும். முதலில் நீ போய் உட்கார் என்றேன். அவள் என் கத்தியைக் கேட்டாள்.

“எதுக்கு?”

“குடுங்க.”

எங்கேயாவது ஒளித்துவைக்கப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் அதை மடக்கித் தன் நெஞ்சு வாரில் கட்டிக்கொண்டாள். சட்டைக்குள் அல்ல, வெளியே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. நேராக இறங்கிப் போய் நடைபாதையில் இரண்டு காலையும் ஊன்றிப் போலீஸ்காரருக்கு எதிரே நின்றாள். நான் மேலேயிருந்து பார்க்கிறேன். பச்சை விளக்குக்குக் காத்து நிற்கிறவள்!

“திறந்தா பூட்டிக்கற கத்தி சார். நான் தெருவுல நிக்கறேன்” என்றாள்.

“அதெல்லாம் இருக்கட்டும், நீ முதல்ல உக்காரும்மா. அதைக் குடு.”

“எங்கண்ணி இன்னும் மேல இருக்காங்க. அவங்க வரட்டும்.”

அவர் காத்திருந்தார். நான் இறங்கி அவள் பக்கத்தில் நின்றதும் அவளாகவே அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். கத்தி என்னுடையது, என்னையும் எழுதுங்கள் என்றேன். அவர் சுற்றிலும் நீட்டியிருந்த போன்களைப் பார்த்தார். “இத்தனை பேர் படம் பிடிக்கறப்ப நான் எழுதாம விட முடியாதும்மா” என்றார். எனக்கு அவர்மேல் கோபமில்லை.

வழக்கு வரும்வரை எங்கள் கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைகளின் முன்கண்ணாடியைத் தரையில் நின்று துடைத்துக் காலம் ஓட்டினோம். கழுத்து வலித்ததே தவிர வீடு சரியாக ஓடவில்லை. என் கணவர் மூடிய கடையின் கணக்கு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பூட்டிக்கொள்ளும் என்று தெரியாது என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும் என்று ஒருவர் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார்.

நீதிமன்றத்தில் மேனேஜர் எங்களுக்காகச் சாட்சி சொன்னார். தலையில் இருந்ததைக் காவலர்கள் கழற்றச் சொன்னார்கள். கழற்றியபோதுதான் அவருக்கு எத்தனை நரை என்று தெரிந்தது. சாவி தன் பாக்கெட்டில்தான் இருந்தது, தான் மாடியை விட்டு இறங்கியிருக்கக் கூடாது என்று மென்று விழுங்காமல் சொன்னார். அது அவர் வேலைக்கே உலை வைக்கும் பேச்சு. அன்றிலிருந்து அவரை நான் கிண்டல் செய்வதில்லை.

நீதிபதி எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார். போன்களில் எடுத்த படங்களையும் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. எங்கள் இருவரையும் முன்னால் வரச் சொன்னார்.

“நீங்க யாரையும் குத்தறதுக்காக வச்சிருக்கலைன்னு எனக்குப் புரியுது. ஆனா சட்டம் சட்டம்தான். இனிமே வச்சுக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் இங்கயே சொல்லிடுங்க. எச்சரிச்சு விட்டுடறேன். கார்டு இன்னிக்கே கைக்கு வந்துடும். சொல்லலைன்னா கார்டை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

இத்தனை வாய் பேசிய நான் தடுமாறிவிட்டேன். அதை மறைக்க மாட்டேன். வீடு கண் முன்னால் வந்தது. கணவர் நோட்டைப் புரட்டுவது வந்தது. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். ஆட்டிவிட்டு மறுநாள் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

“முடியாதுங்க ஐயா” என்றாள் என் நாத்தனார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “என்னம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“யோசிச்சுட்டேன் ஐயா. வச்சுக்க மாட்டேன்னு இங்க சொன்னா, நான் நிஜமாவே வச்சுக்க மாட்டேன். சொன்னா செய்யறவ நான். அப்புறம் ஒரு நாள் எங்கண்ணி மேல மாட்டிக்கிட்டாங்கன்னா, நான் பக்கத்துல தொங்கிக்கிட்டே பாத்துக்கிட்டிருக்கணுமா?”

அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நானும் முடியாது என்றேன்.